ஃபாலோ பண்ணியும் பதிவு வரலையா? லோயர் கேம்ப்பில் மழை பெய்யும்போது இது சின்ன பிரச்னை இல்லை

"கலெக்டர் பேஜை ஃபாலோ பண்ணித்தான் வெச்சிருக்கேன். ஆனா ஸ்கூல் லீவுங்கிற போஸ்ட் எனக்கு மறுநாள் மத்தியானம்தான் வந்துச்சு." மழைக்காலம் வந்துவிட்டால் எல்லா ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலும் இப்படி ஒரு புலம்பல் ஓடும். லீவு விஷயம் என்றால் பரவாயில்லை. பிள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வரும், அவ்வளவுதான். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்ற தகவலும் அதே பேஜில் போடப்பட்டு, அதுவும் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தால்?

இந்தக் கேள்வியைப் பேச லோயர் கேம்ப் பொருத்தமான ஊர். தேனி மாவட்டத்தின் கடைசி, கூடலூரைத் தாண்டினால் குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடம். மேலே தேக்கடியில் இருந்து சுரங்கம் வழியாக வரும் முல்லைப்பெரியாறு தண்ணீர், ராட்சதக் குழாய்களில் மலையைவிட்டு இறங்கி, இங்கே உள்ள மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு ஆறாகிறது. லோயர் கேம்ப்பில் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. பென்னிகுவிக்குக்கு 2013-ல் மணிமண்டபம் திறந்ததும் இதே ஊரில்தான்.

அணை இருப்பது கேரளாவில். அதை இயக்குவது தமிழ்நாட்டு நீர்வளத் துறை. மழை பெய்வது இரண்டு மாநிலத்திலும். ஆகவே இங்கே இருக்கும் ஒருவர் தேனி கலெக்டர், இடுக்கி கலெக்டர், சென்னை வானிலை மையம், திருவனந்தபுரம் வானிலை மையம் என்று குறைந்தது நான்கு கணக்குகளைப் பார்க்க வேண்டும். உண்மையில் அதைப் பார்ப்பது அந்த ஊரில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து போனைத் தேய்க்கும் பிள்ளைதான் பார்த்து, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, குரூப்பில் போடுகிறது. அந்த வீட்டின் நியூஸ் டெஸ்க் நீங்கள்தான். உங்கள் போனில் பதிவு வரவில்லை என்றால் வீட்டுக்கும் போகாது.

ஃபாலோ என்றால் சந்தா கிடையாது

பேப்பருக்குச் சந்தா கட்டினால் காலையில் வாசலில் விழும். விழவில்லை என்றால் பேப்பர் போடும் பையனைக் கேட்கலாம். ஃபாலோ பட்டனையும் நாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த பட்டன் இன்று செய்வது ஒன்றே ஒன்றுதான்: 'இந்த ஆளுக்கு இந்தக் கணக்கில் கொஞ்சம் ஆர்வம் உண்டு' என்று அல்காரிதத்துக்கு ஒரு குறிப்பு கொடுக்கிறது. அந்தக் குறிப்பை எந்த அளவுக்கு மதிப்பது என்பதை கம்பெனி முடிவு செய்யும்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் நேர வரிசையில்தான் பதிவுகளைக் காட்டின. 2016-ல் இரண்டுமே அதை மாற்றி, உங்களுக்கு எது பிடிக்கும் என்று கணக்குப் போட்டு வரிசைப்படுத்தத் தொடங்கின. ஃபேஸ்புக் அதற்கு முன்பே அந்த வழியில் போய்விட்டது. 2023 ஜனவரியில் ட்விட்டர், 'ஃபார் யூ' என்ற டேபை முன்னால் கொண்டுவந்தது. அதில் நீங்கள் ஃபாலோ செய்யாத ஆட்களின் பதிவுகளும் தாராளமாக வரும்.

அந்த அல்காரிதத்தின் கண்ணில் ஒரு கலெக்டர் ஆபீஸ் பேஜ் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். வருடத்தில் 300 நாள் மனுநீதி நாள், ஆய்வுக் கூட்டம், மரக்கன்று நடும் விழா போட்டோ. நீங்கள் ஒன்றுக்கும் லைக் போட்டிருக்க மாட்டீர்கள், ஒரு நொடி நின்றுகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அல்காரிதம் இதைக் கவனித்து, 'சரி, இவருக்கு இது தேவையில்லை' என்று அந்த பேஜைக் கீழே தள்ளிவிடும். பிறகு அக்டோபரில் ஒரு ராத்திரி அதே பேஜ், 'ஆற்றங்கரையோரம் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்' என்று போடும்போது, அதுவும் மரக்கன்று போட்டோ போன வழியிலேயே போகும். இதில் யாரும் சதி செய்யவில்லை. ஆர்வத்தை அளக்கும் மெஷினுக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? ஃபேஸ்புக்கில் மெனுவுக்குள் 'ஃபீட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் ஃபாலோ செய்பவர்களின் பதிவுகள் மட்டும், புதியது முதலில் என்ற வரிசையில் அங்கே வரும். 2022 ஜூலையிலேயே வந்துவிட்டது, பலர் ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள். இன்ஸ்டாகிராமில் மேலே இருக்கும் லோகோவைத் தட்டினால் 'ஃபாலோயிங்', 'ஃபேவரைட்ஸ்' என்று இரண்டு வழிகள். ஃபேவரைட்ஸில் 50 கணக்கு வரை சேர்க்கலாம், ஃபேஸ்புக்கில் 30. எக்ஸில் 'ஃபார் யூ'வுக்குப் பக்கத்தில் 'ஃபாலோயிங்' டேப். அதற்குள்ளும் வரிசையை மாற்றும் வசதி தெரிந்தால், பாப்புலரை விட்டுவிட்டு ரீசன்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், புரொஃபைலில் இருக்கும் மணி ஐகான். ஃபாலோ செய்தால் மட்டும் போன் சத்தம் போடாது. மணியைத் தட்டி, எல்லாப் பதிவுகளுக்கும் நோட்டிஃபிகேஷன் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். நாலு கணக்குக்கு மட்டும் போடுங்கள். நாற்பது கணக்குக்குப் போட்டால் இரண்டாம் நாளே எரிச்சலில் மொத்தத்தையும் ஆஃப் செய்துவிடுவோம்.

பட்டனே வேலை செய்யவில்லை என்றால்

சிலருக்கு இதற்கும் முந்தைய பிரச்னை. ஃபாலோ அழுத்தினால் நீலமாகி, அடுத்த நொடியே பழையபடி ஆகிவிடும். அல்லது 'பிறகு முயற்சி செய்யவும்' என்று வரும். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்துவோம். அதுதான் தப்பு. குறுகிய நேரத்தில் நிறையப் பேரை ஃபாலோ செய்தால் போட் என்று சந்தேகப்பட்டு இந்த ஆப்கள் தற்காலிகமாகத் தடை போடும். அழுத்த அழுத்த அந்தத் தடை நீளத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு நாள் சும்மா விட்டுவிடுவது நல்லது.

உச்சவரம்பும் உண்டு. இன்ஸ்டாகிராமில் 7,500 கணக்குக்கு மேல் ஃபாலோ செய்ய முடியாது. எக்ஸில் சாதாரணக் கணக்கு ஒரு நாளைக்கு 400 பேரை ஃபாலோ செய்யலாம். மொத்தம் 5,000-ஐத் தொட்டபிறகு உங்களை எத்தனை பேர் ஃபாலோ செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மேலே போக முடியும். 'ஃபாலோ பேக் பண்றேன் நண்பா' கோஷ்டியில் சேர்ந்து எண்ணிக்கை ஏற்றியவர்கள்தான் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள். 'ரெக்வெஸ்டட்' என்று நின்றால் அது பிரைவேட் கணக்கு, அவர்கள் ஏற்றுக்கொள்ளும்வரை எதுவும் தெரியாது. அரசு அலுவலகம் ஒன்றின் கணக்கு பிரைவேட்டாக இருந்தால், அது போலி என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

திடீரென ஒரு கணக்கின் பதிவுகள் நின்றுபோனால், நீங்களே எப்போதோ அதை மியூட் செய்திருக்கலாம். ஃபேஸ்புக்கில் 30 நாள் ஸ்னூஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, தேர்தல் நேரத்தில் கைபட்டுப் போட்டுவிட்டு மறந்திருப்போம். எக்ஸில் 'இந்தியாவில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு வந்தால் சட்டப்படியான கோரிக்கையின் பேரில் அந்தக் கணக்கை இங்கே மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்கு உங்கள் போனில் செட்டிங் எதுவும் இல்லை.

ஆபீஸையா, ஆபீஸரையா?

நம் ஊரில் இது பெரிய குழப்பம். சுறுசுறுப்பான கலெக்டர் ஒருவர் வருவார். சொந்த எக்ஸ் கணக்கில் தானே பதில் சொல்வார், லீவு அறிவிப்பார், மீம் போடும் பையன்களுக்கு ஜாலியாக ரிப்ளையும் கொடுப்பார். மாவட்டமே அவரை ஃபாலோ செய்யும். இரண்டு வருடத்தில் டிரான்ஸ்ஃபர். கணக்கும் அவரோடு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். ஃபாலோ செய்தவர்களும் கூடவே போகிறார்கள். தேனியில் மழை பெய்கிறதா என்று பார்க்கப் போனால் வேறு மாவட்டத்து நெல் கொள்முதல் நிலையம் தெரியும்.

அந்த ஆட்சியரின் மீது தப்பில்லை. பதவிக்கென்று தனிக் கணக்கு, அதன் பாஸ்வேர்டு அடுத்து வருபவருக்கு முறையாகக் கைமாறுவது, பெயர் மாறாமல் இருப்பது: இதையெல்லாம் அரசு ஒரு நடைமுறையாக வைத்திருக்க வேண்டும். கலெக்டர் மாறினால் ஆபீஸ் டெலிபோன் நம்பர் மாறுவதில்லையே? நாம் செய்யக்கூடியது, மாவட்ட ஆட்சியர் அலுவலகம், செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம், பேரிடர் மேலாண்மை ஆணையம் என்று பதவியின் பெயரில் இருக்கும் கணக்குகளைத் தேடி ஃபாலோ செய்வது. கொஞ்சம் போரடிக்கும். போரடிப்பது இங்கே நல்ல அடையாளம்.

டிக் மார்க்கை நம்பலாமா? முன்பு நம்பலாம். 2023 ஏப்ரலில் எக்ஸ் பழைய நீல டிக்குகளை எடுத்துவிட்டு, காசு கட்டுபவர்களுக்கு என்று ஆக்கிவிட்டது. இன்று நீல டிக் இருந்தால் மாதச் சந்தா கட்டியிருக்கிறார் என்றுதான் பொருள். அரசுக் கணக்குகளுக்குச் சாம்பல் நிற டிக் தருகிறார்கள், ஆனால் சின்ன அலுவலகங்கள் பலவற்றுக்கு அதுவும் இருக்காது. அதைவிட நம்பகமான வழி, மாவட்ட நிர்வாகத்தின் அரசு இணையதளத்துக்குப் போய் அங்கே கொடுத்திருக்கும் லிங்க்கைத் தட்டி உள்ளே வருவது. ஆப்பின் தேடல் பெட்டியில் பெயரை டைப் செய்து முதலில் வருவதை ஃபாலோ செய்வதுதான் ஆபத்து.

ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள் போட்டோவை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கி, 'டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, வீட்டு ஃபர்னிச்சர் சல்லிசாகத் தருகிறேன்' என்று காசு கேட்கும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. ஃபாலோ செய்தவுடன் ஒரு அதிகாரி உங்களுக்கு இன்பாக்ஸில் 'ஹலோ' சொன்னால், மரியாதைக்காகக்கூடப் பதில் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

2021 அக்டோபரில் நடந்தது

ஃபாலோ செய்த கணக்கின் பதிவு வராதது பாதி பிரச்னை. ஃபாலோ செய்யாத கணக்கின் பதிவு வெள்ளமாக வருவது மீதிப் பாதி. இதை முல்லைப்பெரியாறைவிட நன்றாக அனுபவித்த விவகாரம் தமிழ்நாட்டில் குறைவு.

2021 அக்டோபரில் கேரளாவில் கனமழை. அணையின் நீர்மட்டம் ஏற ஏற, 'அணையைச் செயலிழக்கச் செய்யுங்கள்' என்ற ஹேஷ்டேக் அங்கே பரவியது. நடிகர் பிரித்விராஜ் போட்ட ஒரு பதிவு அதைப் பல மடங்கு ஊதிவிட்டது. இங்கே தேனியில் அவரது உருவ பொம்மையை எரித்தார்கள். கேரள முதல்வர் பினராயி விஜயனே சட்டமன்றத்தில் எழுந்து, அணைக்கு ஆபத்து என்று பீதி கிளப்புபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொல்ல வேண்டி வந்தது.

அந்த நாட்களின் டைம்லைனை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் '35 லட்சம் பேர் சாவார்கள்' என்ற ரகப் பதிவுகள். இன்னொரு பக்கம் அதற்குக் கோபமாகப் பதில் சொல்லும் நம் ஊர்க்காரர்களின் பதிவுகள். இரண்டுக்கும் கமென்ட், ஷேர் குவிய, அல்காரிதம் இரண்டையும் மேலே மேலே தூக்கியது. இதற்கு நடுவே, அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று உப்புச் சப்பில்லாமல் மூன்று எண்களைச் சொல்லும் ஒரு பதிவு எங்கே மேலே வரும்? அதற்கு யார் ஆங்ரி ரியாக்‌ஷன் போடுவார்கள்?

கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல. 2011 டிசம்பரில், பெரும்பாலானவர்கள் கையில் வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே, ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கிக் கிளம்பினார்கள். லோயர் கேம்ப்பில் போலீஸ் தடுத்து நிறுத்தியது. இந்தப் பக்கத்தில் இருந்து தினமும் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அந்த வாரங்களில் கூலியை இழந்தார்கள். பதற்றத்தின் பில் எப்போதும் அந்த ஜீப்பில் போகிறவர்களிடம்தான் வருகிறது, ஹேஷ்டேக் போட்டவர்களிடம் இல்லை.

'ஷட்டர் திறந்தாச்சு' என்றால் யாருக்கு?

குரூப்பில் அடிக்கடி வரும் ஒரு வரி: 'முல்லைப்பெரியாறு ஷட்டர் திறப்பு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை.' இதைப் பார்த்துவிட்டு சென்னையில் இருந்து வீட்டுக்குப் போன் அடிப்பவர்கள் நிறைய. அந்த எச்சரிக்கை பெரும்பாலும் நம் கரைக்கு இல்லை.

முல்லைப்பெரியாறு அணையில் ஷட்டர் வழியாக வெளியேறும் உபரி நீர் மேற்கே, கேரளாவுக்குள், வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி அணைக்குப் போகும். தமிழ்நாட்டுக்கு வரும் தண்ணீர் வேறு பக்கம், தேக்கடி சுரங்கம் வழியாக வருகிறது. அதன் அளவு சுரங்கமும் குழாயும் தாங்கும் அளவுதான். ஆகவே ஷட்டர் திறந்த செய்தியைப் பார்த்தால் கவலைப்பட வேண்டியவர்கள் வண்டிப்பெரியாறில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆறு திடீரென ஏறுவது பெரும்பாலும் மலைச்சரிவில் கொட்டும் மழையால், ஓடைகளால். 2025 அக்டோபர் 18 அன்று இடுக்கி மாவட்டம் நெடுங்கண்டம் அருகே கூட்டாறில் நின்றிருந்த டிராவலர் வேன் ஒன்று வெள்ளத்தில் மிதந்து போகும் வீடியோ எல்லோர் போனிலும் ஓடியது. அதே நாளில் முல்லைப்பெரியாறு ஷட்டர்களும் திறக்கப்பட்டன. இரண்டும் ஒரே நாளில் வந்ததால், அணைத் தண்ணீர்தான் வேனை இழுத்துக்கொண்டு போனது என்று நம்பியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கூட்டாறு, கம்பம்மெட்டு பக்கத்து மலையில் இருக்கிறது. அணைக்கும் அந்த ஓடைக்கும் சம்பந்தமில்லை.

அலர்ட் நிறத்திலும் இதே சிக்கல். 'இடுக்கிக்கு ரெட் அலர்ட்' என்று ஒரு பதிவு. வானிலை மையம் சொன்னால் அது மாவட்டத்துக்கான மழை எச்சரிக்கை. கேரளாவில் அணைகளின் நீர்மட்டத்துக்கும் புளூ, ஆரஞ்சு, ரெட் என்றே அலர்ட் தருவார்கள். இடுக்கி என்பது மாவட்டத்தின் பெயர், அணையின் பெயரும் அதுதான். ஸ்க்ரீன்ஷாட்டில் மேல் வரியும் தேதியும் வெட்டுப்பட்டிருந்தால் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எந்தக் கணக்கு போட்டது, என்றைக்குப் போட்டது என்பது தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். இல்லை, லிங்க்கையே அனுப்பலாம் என்பீர்கள். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது.

எக்ஸில் கணக்கு இல்லாத ஒருவர், லாக்-இன் செய்யாமல் ஒரு புரொஃபைலைத் திறந்தால் புதிய பதிவுகள் முதலில் தெரியாது. அதிகம் லைக் வாங்கிய பழைய பதிவுகள்தான் மேலே வரும். உங்கள் அப்பாவுக்கு எக்ஸ் கணக்கு இருக்காது. நீங்கள் கலெக்டர் பேஜ் லிங்க்கை அனுப்புகிறீர்கள். அவர் தட்டியதும் மேலே தெரிவது இரண்டு வருடம் முன்பு வைரலான வெள்ள எச்சரிக்கை. தேதி சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டால்தான் படிக்க முடியும். அவர் வீட்டுச் சாமானை மாடிக்கு ஏற்றத் தொடங்கிவிடுவார். புரொஃபைல் லிங்க்குக்குப் பதிலாகக் குறிப்பிட்ட பதிவின் லிங்க்கை அனுப்பி, கூடவே 'இன்னைக்கு சாயங்காலம் 6 மணிக்குப் போட்டது' என்று ஒரு வரி தமிழில் டைப் செய்யுங்கள். பத்து நொடி வேலை.

வாட்ஸ்அப் சேனலும் போனின் தூக்கமும்

2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல், இந்தத் தலைவலிக்கு ஓரளவு மருந்து. அதில் அல்காரிதம் வரிசை மாற்றாது, போட்ட வரிசையில் அப்படியே இருக்கும். வயதானவர்களுக்கும் பழகிய ஆப். ஆனால் சேனலை ஃபாலோ செய்தால் நோட்டிஃபிகேஷன் மியூட்டிலேயேதான் தொடங்கும். உள்ளே போய் மணியைத் தட்டினால்தான் சத்தம் வரும். சேனல் இருக்கும் 'அப்டேட்ஸ்' டேப் பக்கமே போகாதவர்களுக்கு, ஃபாலோ செய்ததும் செய்யாததும் ஒன்றுதான்.

போன் பக்கத்திலும் ஒரு வேலை. ஆண்ட்ராய்டு 13 முதல், ஒவ்வொரு ஆப்பும் நோட்டிஃபிகேஷன் அனுப்ப உங்களிடம் அனுமதி கேட்கும். முதல் நாள் அவசரத்தில் வேண்டாம் என்று தட்டியிருந்தால், மணி ஐகானை எத்தனை முறை அழுத்தியும் பிரயோஜனமில்லை. சில போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, அதிகம் திறக்காத ஆப்களைத் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

இது யூசரின் வேலை மட்டும்தானா?

இதுவரை சொன்னதெல்லாம் நாம் செய்யவேண்டிய வேலை. ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு தகவலைப் பெற, ஒரு குடிமகன் ஏழு செட்டிங் மாற்ற வேண்டும் என்றால், அந்த ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு தனியார் கம்பெனியின் ஃபீடில் பதிவு போட்டுவிட்டு, 'மக்களுக்கு அறிவித்துவிட்டோம்' என்று அரசு சொல்ல முடியாது. போட்டது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு.

பழைய முறைகள் இந்த விஷயத்தில் நேர்மையானவை. வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. சங்கு ஊதினால் ஃபாலோ செய்தவனுக்கும் கேட்கும், செய்யாதவனுக்கும் கேட்கும். தண்டோராவும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதைக் குறிப்பிட்ட சாதியினர் தலையில் கட்டிய இழிவு அதில் இருந்தது. 2022 ஆகஸ்ட்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று ஆட்சியர்களுக்கு எழுதினார். சரியான முடிவு. தண்டோரா போன இடத்தில் ஒலிபெருக்கி வண்டி வர வேண்டும், ஃபேஸ்புக் போஸ்ட் வந்து உட்காரக் கூடாது என்பதுதான் என் கவலை.

புதிய தொழில்நுட்பத்திலும் ஃபாலோ கேட்காத வழி உண்டு. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் விநோதமான சத்தத்தோடு அலறியது நினைவிருக்கிறதா? பலர் பயந்து போனைத் தூக்கிப் போட்டார்கள். அதுதான் செல் பிராட்காஸ்ட் சோதனை. ஒரு பகுதியின் டவருக்குக் கீழே இருக்கும் போன்களுக்கு மட்டும் போகும். ஆப் வேண்டாம், கணக்கு வேண்டாம், டேட்டா பேலன்ஸ்கூட வேண்டாம். லோயர் கேம்ப் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. மலைச்சாலையில் ஜீப்பில் இறங்கிக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கும் எட்டும், இன்ஸ்டாகிராம் என்றால் என்னவென்றே தெரியாத பாட்டிக்கும் எட்டும். இதை வழக்கமான கருவியாக்குவதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். சோஷியல் மீடியா பதிவு அதற்குப் பின்னால் விவரம் சொல்ல வரட்டும்.

பதிவு போடுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். தமிழில், முதல் வரியிலேயே ஊர்ப் பெயர், நேரம். கூடலூரா, உத்தமபாளையமா, வீரபாண்டியா என்று சொல்லாமல் 'தாழ்வான பகுதிகள்' என்று எழுதினால் யாருக்குத் தன் தெரு தாழ்வு என்று தெரியும்? போஸ்டரில் அமைச்சர் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசி போதும். எச்சரிக்கை முடிந்ததும் 'முடிந்தது' என்று இன்னொரு பதிவு போட வேண்டும், பழையதை அப்படியே மிதக்க விடக் கூடாது. தேனி, இடுக்கி இரண்டு நிர்வாகங்களும் மழை நாளில் ஒருவர் பதிவை மற்றவர் மொழிபெயர்த்துப் பகிர்ந்தால், மலையாளம் தெரியாமல் கூகுள் மொழிபெயர்ப்பை நம்பி குழம்பும் வேலை மிச்சம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் போனை ஐந்து நிமிடம் வாங்கிப் பாருங்கள். செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி அலர்ட்ஸ்' என்று தேடி, அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அன்றைக்குச் சத்தம் கேட்டு பயந்தவர்கள் பலர் அதை ஆஃப் செய்து வைத்திருக்கலாம். தமிழ்நாடு அரசு 2024-ல் கொண்டுவந்த 'டிஎன் அலர்ட்' ஆப்பைப் போட்டு, லொகேஷனை அந்த ஊருக்கு வையுங்கள். காண்டாக்ட்ஸில் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐச் சேமித்துக் கொடுங்கள். உங்கள் போனிலும் சேமியுங்கள், ஆனால் வெளியூரில் இருந்து அடிக்கும்போது தேனியின் எஸ்டிடி கோடு 04546-ஐ முன்னால் சேர்க்க வேண்டும்.